வடக்கு ஜன்னலுக்குக் கறுப்புக் கண்ணாடி வேண்டாம்

நீங்கள் கேட்டதை முதலில் என் வார்த்தையில் சொல்லிவிடுகிறேன். தென்னாப்பிரிக்காவின் ஜோகன்னஸ்பர்க்கில் 1960-களில் கட்டிய செங்கல் வீடு ஒன்றை வாங்கியிருக்கிறீர்கள். இரும்புச் சட்டம், புட்டிப் பசை வைத்துப் பதித்த 4 மி.மீ. ஒற்றைக் கண்ணாடி, உட்பக்கம் திருட்டுக்குப் பயந்து போட்ட கம்பி. ஜூன், ஜூலை இரவுகளில் வீடு குளிர்ந்து போகிறது. காலையில் கண்ணாடியில் தண்ணீர் வழிகிறது. கோடையில் மேற்குப் படுக்கையறையில் மாலை 5 மணிக்கு இருக்க முடிவதில்லை. கண்ணாடிக்காரர் ஒருவர் வீட்டிலுள்ள 12 சதுர மீட்டர் கண்ணாடி முழுவதையும் கறுப்புச் சாயல் கொண்ட இரட்டைக் கண்ணாடியாக மாற்ற, சட்டத்தோடு சேர்த்து 96,000 ரேண்ட் கேட்டிருக்கிறார். அவர் கொடுத்த தாளில் யூ-மதிப்பு 2.8, எஸ்.எச்.ஜி.சி. 0.35 என்று இருக்கிறது. போடலாமா என்கிறீர்கள். டர்பன் சாட்ஸ்வொர்த்தில் இருக்கும் உங்கள் கணவரின் பெரியம்மா வீட்டுக்கும் அதையே போடலாமா என்கிறீர்கள். குளிர், தண்ணீர், மேற்கு வெயில் ஆகிய மூன்று தொல்லைக்கும் ஒரே கண்ணாடி மருந்தாகுமா என்பதுதான் இதில் உள்ள கேள்வி. ஆகாது. உங்களுக்குச் சொல்லப்பட்டிருக்கும் கண்ணாடி, குளிர்காலத்தில் உங்கள் வீட்டை இப்போது இருப்பதைவிடக் குளிராக்கிவிடக்கூடும். ஏன் என்று சொல்கிறேன்.

23 ஆண்டுகளாக இந்த ஊரில் ஜன்னலுக்கு அளவெடுப்பதும் கண்ணாடி தேர்ந்து பொருத்துவதும்தான் என் வேலை. தாளில் இருக்கும் அந்த இரண்டு எண்களும் இரண்டு வெவ்வேறு சங்கதிகள். யூ-மதிப்பு என்பது வீட்டுக்குள்ளிருக்கும் சூடு கண்ணாடி வழியே எவ்வளவு வேகமாக வெளியே போகிறது என்பது. உள்ளுக்கும் வெளிக்கும் ஒரு டிகிரி வித்தியாசம் இருந்தால், ஒரு சதுர மீட்டர் வழியே எத்தனை வாட் போகும் என்று அர்த்தம். உங்களுடைய இப்போதைய ஒற்றைக் கண்ணாடிக்கு அது சுமார் 5.8. எஸ்.எச்.ஜி.சி. என்பது வெயிலைப் பற்றியது: கண்ணாடி மேல் விழும் வெயிலின் வெப்பத்தில் எத்தனை பங்கு உள்ளே வருகிறது என்பது. சாதாரண 4 மி.மீ. கண்ணாடிக்குச் சுமார் 0.85. அதாவது நூற்றுக்கு 85 பங்கு வந்துவிடும். முதல் எண் சிறியதாக இருந்தால் எந்த ஊரிலும் நல்லதுதான். இரண்டாவது எண் அப்படியில்லை. அது சிறியதாக இருப்பது நல்லதா கெட்டதா என்பதை ஜன்னல் பார்க்கும் திசைதான் முடிவு செய்யும்.

நம் ஊர்ப்பக்கம் வளர்ந்தவர்களுக்கு இந்த இடத்தில்தான் தடுமாற்றம் வரும். மதுரையிலோ திருச்சியிலோ வெயில் என்றாலே மறைக்க வேண்டிய பொருள். சூரியனும் ஆண்டின் பெரும்பகுதி தெற்கே சாய்ந்துதான் போகும். இங்கே எல்லாம் தலைகீழ். நாம் 26 டிகிரி தெற்கு அட்சரேகையில் இருக்கிறோம். நண்பகல் சூரியன் வடக்கே நிற்கும். ஜூன் 21 அன்று நண்பகலில் அது அடிவானத்திலிருந்து 40 டிகிரி உயரத்தில்தான் இருக்கும். வடக்கு ஜன்னல் வழியாக அறையின் ஆழம் வரை வந்துவிடும். டிசம்பரில் 87 டிகிரி, கிட்டத்தட்ட உச்சந்தலைக்கு மேல். அப்போது வடக்குச் சுவருக்கு மேலே 60 செ.மீ. கூரை நீட்டியிருந்தாலே அந்த ஜன்னல் நிழலில் இருக்கும். அதே 60 செ.மீ. நீட்டல் ஜூன் நண்பகலில் அரை மீட்டர் அளவுக்குத்தான் நிழல் இறக்கும். கோடையில் மூடி, குளிர்காலத்தில் திறக்கும் கதவு போல அந்தக் கூரையே வேலை செய்கிறது. வீடு விற்பவர்கள் இங்கே 'வடக்குப் பார்த்த வீடு' என்று கூடுதல் விலை சொல்வது வாஸ்துவுக்காக இல்லை, இந்த வெயிலுக்காக.

இதை நான் ஒருவருக்குச் செய்த கெடுதலிலிருந்து கற்றுக்கொண்டேன். தொழிலுக்கு வந்த புதிதில் லெனேசியாவில் ஒரு வீட்டுக்கு ஜன்னல் மாற்றினோம். அந்த வீட்டு ஆயாவுக்கு எண்பது வயதுக்கு மேல். தினமும் காலையில் குளித்துவிட்டு, வடக்கு ஜன்னலோரம் நாற்காலியைப் போட்டு, முழங்காலில் வெயில் படும்படி உட்கார்ந்திருப்பார். நானும் கேட்கவில்லை, மகனும் சொல்லவில்லை. வீடு முழுக்க ஒரே மாதிரி அழகாக இருக்கட்டும் என்று கறுப்புச் சாயல் கண்ணாடி போட்டோம். அடுத்த ஜூலையில் ஒரு கதவை இறுக்கிக் கொடுக்கப் போனபோது, ஆயா கம்பளியைப் போர்த்திக்கொண்டு கொல்லைப்புறத்தில் உட்கார்ந்திருந்தார். உள்ளே வெயில் வருவதில்லையாம். அந்த ஜன்னலை மட்டும் என் செலவில் தெளிந்த கண்ணாடிக்கு மாற்றிக் கொடுத்தேன். அன்றிலிருந்து யார் வீட்டுக்குப் போனாலும் அளவு நாடாவை எடுப்பதற்கு முன் திசைகாட்டியைத்தான் எடுக்கிறேன்.

சரி, கணக்குக்கு வருவோம். குளிர்கால இரவில் உள்ளே 18 டிகிரி, வெளியே 3 டிகிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். 12 சதுர மீட்டர் ஒற்றைக் கண்ணாடி வழியே சுமார் 1,040 வாட் வெளியே போகும். யூ-மதிப்பு 2.8 உள்ள இரட்டைக் கண்ணாடியில் சுமார் 500 வாட். மிச்சம் 540 வாட். பத்து மணி நேரத்துக்கு 5.4 யூனிட் (1,000 வாட் ஒரு மணி நேரம் போனால் ஒரு யூனிட்). இப்போது இன்னொரு பக்கம் பாருங்கள். உங்கள் 12 சதுர மீட்டரில் 4 சதுர மீட்டர் வடக்கே இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். ஜோகன்னஸ்பர்க் இருக்கும் ஹைவெல்ட் மேட்டு நிலத்தில் குளிர்காலத்தில் மழை கிடையாது, மேகமும் அபூர்வம். தெளிந்த ஜூன் நாளில் வடக்குப் பார்த்த கண்ணாடியின் ஒவ்வொரு சதுர மீட்டரிலும் 4 யூனிட்டுக்குக் குறையாமல் வெயில் விழும். 4 சதுர மீட்டருக்கும் சேர்த்து 16 யூனிட். இப்போதைய கண்ணாடியில் அதில் சுமார் 13.6 யூனிட் வெப்பம் வீட்டுக்குள் வருகிறது. 0.35 கண்ணாடி போட்டால் 5.6 தான் வரும். ஆக, வீடு முழுக்க இரவில் 5.4 யூனிட் மிச்சம் பிடிக்க, வடக்குப் பக்கத்தில் மட்டும் பகலில் 8 யூனிட் இலவச வெப்பத்தைக் கைவிடுகிறீர்கள். அதற்கு 96,000 ரேண்ட்.

இந்தக் கணக்கில் எது உறுதி, எது வீட்டுக்கு வீடு மாறும் என்பதையும் சொல்ல வேண்டும். சூரியனின் உயரம், கண்ணாடியின் எண்கள் இவை உறுதி. வடக்கே பெரிய மரமோ பக்கத்து வீட்டுச் சுவரோ இருந்தால் வெயில் பாதியாகக் குறையலாம். அப்போது இரண்டு பக்கமும் ஏறக்குறைய சமமாகிவிடும். உள்ளே வந்த வெப்பம் இரவு வரை நிற்குமா என்பது தரை, சுவரைப் பொறுத்தது. செங்கல் சுவரும் சிமெண்ட் தரையும் பிடித்து வைத்துக்கொள்ளும். தரை முழுக்கக் கம்பளம் விரித்திருந்தால் அவ்வளவாகப் பிடிக்காது. உங்கள் வீட்டைப் பார்க்காமல் அதற்கு மேல் சொல்வது சரியாகாது.

பணக் கணக்கும் அப்படித்தான். இரவுக்கு 5.4 யூனிட், 90 இரவு, யூனிட் 3 ரேண்ட் என்று வைத்தாலும் ஆண்டுக்கு 1,450 ரேண்ட் சொச்சம்தான் மிச்சம். போட்ட பணம் திரும்ப 60 ஆண்டுக்கு மேல் ஆகும். அதுவும் இரவு முழுக்க ஹீட்டர் போட்டு 18 டிகிரியில் வைப்பவருக்கு. நம்மில் பெரும்பாலோர் படுக்கும்போது அணைத்துவிடுகிறோம். ஆகவே மின் கட்டணத்தைக் காட்டி வீடு முழுக்க இரட்டைக் கண்ணாடி விற்பவரிடம் இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டுங்கள். நல்ல இரட்டைக் கண்ணாடி தருவது சுகம். 3 டிகிரி இரவில் ஒற்றைக் கண்ணாடியின் உட்புறம் 7 டிகிரிக்குச் சற்றுக் கீழே இருக்கும். காற்று 18 டிகிரியாக இருந்தாலும் பக்கத்தில் உட்கார்ந்தவரின் உடல் சூடு அந்தக் கண்ணாடியை நோக்கிப் போய்க்கொண்டே இருக்கும். கண்ணாடியை ஒட்டிய காற்று குளிர்ந்து, கீழே இறங்கி, காலில் படும். 'எங்கிருந்தோ காற்று வருது' என்று பலரும் சந்து தேடுவார்கள். பாதி நேரம் சந்தே இருக்காது.

காலையில் வழியும் தண்ணீருக்கும் இந்த 7 டிகிரிதான் காரணம். உள்ளே 18 டிகிரியும் 60 சதவீத ஈரப்பதமும் இருந்தால், 10 டிகிரிக்குக் கீழே குளிர்ந்த எந்தப் பரப்பிலும் ஈரம் நீராகப் படியும். 2.8 இரட்டைக் கண்ணாடியின் உட்புறம் 12 டிகிரிக்கு மேல் இருக்கும், அதில் படியாது. ஆனால் ஜோகன்னஸ்பர்க் குளிர்காலக் காற்று உதடு வெடிக்கும் அளவுக்கு வறண்டது. அந்த ஈரம் வெளியிலிருந்து வரவில்லை. சமையல், குளியல், மூச்சு எல்லாம் சேர்ந்தது. அதோடு, மின்வெட்டுக்குப் பயந்து நாம் எல்லோரும் வாங்கி வைத்திருக்கும் கேஸ் ஹீட்டர் இருக்கிறதே, அது ஒரு கிலோ கேஸை எரித்தால் 1.6 லிட்டர் தண்ணீர் ஆவியாக அறைக்குள் வந்துவிடும். புகைபோக்கி இல்லாததால் அதற்குப் போக வழியில்லை. உங்களிடம் அது இருந்தால், ஜன்னலை மாற்றுவதற்கு முன் அதை மாற்றிப் பாருங்கள். இன்னொன்றை அழுத்திச் சொல்கிறேன்: ஜன்னல் சந்துகளையெல்லாம் அடைத்துவிட்டு, மூடிய அறையில் கேஸ் ஹீட்டர் போட்டுக்கொண்டு தூங்கவே கூடாது. அதிலிருந்து வரக்கூடிய கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயுவுக்கு மணமும் கிடையாது, நிறமும் கிடையாது.

சட்டத்தைப் பற்றிப் பேசாமல் கண்ணாடியைப் பேசுவதில் பயனில்லை. அந்த 2.8 என்பது கண்ணாடியின் நடுப்பகுதிக்கு மட்டுமான எண். அலுமினியம் வெப்பத்தை மரத்தைவிட ஆயிரம் மடங்குக்கும் மேலாகக் கடத்தும். உள்பக்கத்துக்கும் வெளிப்பக்கத்துக்கும் நடுவே வெப்பத்தடை வைக்காத சாதாரண அலுமினியச் சட்டத்தில் இந்தக் கண்ணாடியைப் பூட்டினால், ஜன்னல் மொத்தத்துக்கும் அது 3.5, 4 என்று ஏறிவிடும். சட்டத்தில் தண்ணீரும் படியும். அதனால் கண்ணாடிக்கான எண்ணைக் கேட்காதீர்கள், முழு ஜன்னலுக்கான எண்ணை எழுத்தில் கேளுங்கள். இரண்டு கண்ணாடிக்கும் நடுவே இடைவெளி எவ்வளவு என்றும் கேளுங்கள். 12 முதல் 16 மி.மீ. இருக்க வேண்டும். 6 மி.மீ. வைத்து இரட்டைக் கண்ணாடி என்று விற்பவர்களும் இருக்கிறார்கள்.

அதே காசுக்கு இன்னும் நல்லது கிடைக்குமா என்றால், கிடைக்கும். லோ-ஈ என்று ஒரு பூச்சு உண்டு. சாதாரணக் கண்ணாடி அறையின் சூட்டை வாங்கி வெளியே வீசும் குணமுள்ளது. லோ-ஈ பூச்சு அந்தச் சூட்டை அறைக்கே திருப்பி அனுப்பும். இதில் இரண்டு வகை. கண்ணாடி உருவாகும்போதே சுட்டுப் பதித்தது கெட்டிப் பூச்சு. அது தேயாது, வெயிலையும் பெரும்பாலும் உள்ளே விடும், வடக்கு ஜன்னலுக்கு ஏற்றது. வெள்ளி அணுக்களால் ஆனது மென்பூச்சு. தடுப்பு அதிகம், ஆனால் காற்றுப் பட்டால் கெட்டுவிடும், இரட்டைக் கண்ணாடிக்குள் மூடியே வைக்க வேண்டும். வெயிலைத் தடுக்கும் மென்பூச்சு மேற்குக்கு நல்லது. கடைக்காரர் சொன்ன பூச்சு உண்மையிலேயே இருக்கிறதா என்று பார்க்க ஒரு லைட்டர் போதும். இரட்டைக் கண்ணாடி முன் சுடரைப் பிடித்தால் நான்கு பிம்பம் தெரியும். பூச்சு இருந்தால் அதில் ஒன்று மட்டும் நிறம் மாறித் தெரியும். நான்கும் ஒரே நிறமென்றால் பூச்சு இல்லை.

உங்கள் பழைய இரும்புச் சட்டத்தின் வாய் 20 மி.மீ. கனமுள்ள இரட்டைக் கண்ணாடியை ஏற்காது. அதனால் கெட்டிப் பூச்சு போட்ட ஒற்றைக் கண்ணாடியை அதில் பதிக்கலாம் என்று சிலர் சொல்வார்கள். அதன் யூ-மதிப்பு 3.7 அளவில் வரும் என்பது உண்மைதான். ஆனால் அறையின் சூட்டைக் கண்ணாடி வாங்காததால் கண்ணாடி முன்பைவிடக் குளிர்ந்துவிடும். தண்ணீர் படிவது கூடும். உங்களுக்கு ஏற்கெனவே அந்தத் தொல்லை இருப்பதால் இதைப் பரிந்துரைக்க மாட்டேன். அதைவிட, இருக்கும் ஜன்னலையும் கம்பியையும் அப்படியே விட்டு, உட்பக்கம் கழற்றி மாட்டும்படி இன்னொரு தெளிந்த தகடு, அக்ரிலிக்கோ கண்ணாடியோ, நாலு ஓரமும் இறுக்கமாக அடையும்படி வைத்தால், ஏறக்குறைய இரட்டைக் கண்ணாடி அளவுக்கே பலன் தரும். செலவு அதில் ஒரு சிறு பங்குதான். தீ விபத்தில் தப்பிக்கும் வழியாக இருக்கும் ஜன்னலில் மட்டும் கையால் சட்டென்று கழற்றும்படி வையுங்கள்.

இரட்டைக் கண்ணாடிதான் என்று முடிவு செய்தால், அதை எந்த ஊரில் வைத்து மூடினார்கள் என்று கட்டாயம் கேளுங்கள். நாம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,750 மீட்டர் உயரத்தில் இருக்கிறோம். இங்கே காற்றழுத்தம் கடலோர டர்பனைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. டர்பனில் மூடிய கண்ணாடிக்குள் அந்த ஊர்க் காற்று அடைபட்டிருக்கும். லாரி வான் ரீனன் கணவாய் ஏறி வரும்போதே அது பூரி மாதிரி உப்ப ஆரம்பிக்கும். ஒருமுறை கடற்கரைப் பக்கத்துத் தொழிற்சாலை ஒன்றிலிருந்து இப்படி வந்தவற்றை அவசரத்தில் பொருத்தினோம். எதிர்வீட்டுப் பிம்பம் நெளிந்து தெரிந்தது. இரண்டு ஆண்டில் ஓரப் பசை விட்டு உள்ளே பனி மூட்டம். துடைக்கவும் முடியாது. மேட்டில் மூடியதாக இருக்க வேண்டும், அல்லது அழுத்தம் சமமாக நுண்குழாய் வைத்திருக்க வேண்டும். குழாய் வைத்தால், சூடு கடப்பதைக் குறைக்க உள்ளே நிரப்பும் ஆர்கான் வாயு நிற்காது. ஆகவே அதற்கென்று கூடுதல் விலை கொடுக்காதீர்கள்.

மேற்கு அறைக்கு வருகிறேன். மாலைச் சூரியன் தாழ்வாக நேரே வரும், கூரை நீட்டல் உதவாது. இங்கே எஸ்.எச்.ஜி.சி. சிறியதாக இருக்க வேண்டியதுதான். உங்களுக்குச் சொன்ன 0.35 கண்ணாடி இந்த ஒரு ஜன்னலுக்குப் பொருந்தும். ஆனால் கண்ணாடிக்கு வெளியே நிழல் போடுவதை எந்தக் கண்ணாடியும் மிஞ்சாது. வெளிப்பக்க மடக்குத் தட்டி, ஷட்டர், குளிர்காலத்தில் இலை உதிர்க்கும் ஒரு மரம் என்று எதுவானாலும் வெயில் கண்ணாடியைத் தொடுவதற்கு முன்பே நின்றுவிடும். உள்ளே போடும் திரை, சூடு உள்ளே வந்த பிறகு பிடிப்பது. வெயில் பிலிம் ஒட்டலாம், மலிவு. ஆனால் கறுப்புப் பிலிம் சூட்டை உறிஞ்சிக் கண்ணாடியைக் கொதிக்க வைக்கும். பாதி நிழல், பாதி வெயில் விழும் பழைய கண்ணாடி அதில் விரிசல் விட்டுப் போவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். ஒட்டினால் வெயிலைத் திருப்பும் வகையாகப் பார்த்து ஒட்டுங்கள்.

அப்புறம், நீங்கள் கேட்காத ஒன்று. உங்கள் சீலிங்குக்கு மேலே ஏறிப் பாருங்கள். 1960-களின் வீடுகளில் தகரத்துக்கும் சீலிங்குக்கும் நடுவே பெரும்பாலும் எதுவுமே இருக்காது. 100 சதுர மீட்டர் வீட்டில் அந்த வழியாகப் போகும் சூடு, உங்கள் 12 சதுர மீட்டர் ஜன்னலில் போவதைவிட இரண்டு மடங்குக்கும் மேல். நான் உங்கள் இடத்தில் இருந்தால், முதலில் 135 மி.மீ. கண்ணாடி நாரிழைப் பாயை சீலிங் மேல் விரிப்பேன். அடுத்து, காய்ந்து உதிர்ந்த புட்டியைச் சுரண்டிப் புதிதாக வைத்து, திறக்கும் கதவுகளின் ஓரத்தில் ரப்பர் பட்டை ஒட்டி, தரை தொடும் கனத்த திரையை மேலே மூடி இருக்கும்படி மாட்டுவேன். பொழுது சாய்ந்ததும் திரையை இழுத்துவிட வேண்டும். வடக்குத் திரையைக் காலையில் திறக்க மறக்கக் கூடாது. மேற்கில் வெளி நிழல். இரவில் நீங்கள் அதிகம் இருக்கும் அறைக்கு மட்டும் உட்தகடு. இவ்வளவும் அந்த 96,000-க்குள் அடங்கி மிச்சமும் இருக்கும். ஒரு குளிர்காலம் இருந்து பார்த்துவிட்டு, வேண்டுமானால் ஒன்றிரண்டு ஜன்னலுக்கு இரட்டைக் கண்ணாடி யோசியுங்கள். கதவிலும் தரையோரத்திலும் போடுகிற கண்ணாடி பாதுகாப்புக் கண்ணாடியாக இருக்க வேண்டும் என்பது சட்டம். கோடை மாலைகளில் ஆலங்கட்டி விழும் ஊர் இது என்பதால், மற்ற இடங்களிலும் வெளிக்கண்ணாடி கெட்டியாக்கியதாகவோ இரண்டு அடுக்கு ஒட்டியதாகவோ இருப்பது நல்லது. பின்னால் வீட்டை விரித்துக் கட்டும் எண்ணம் இருந்தால், 2011-இல் வந்த கட்டட விதியில் ஜன்னல் பரப்பு தரைப் பரப்பில் 15 சதவீதத்தைத் தாண்டினால் தனிக் கணக்குக் காட்டச் சொன்னார்கள்; 2021-இல் அந்த விதியைத் திருத்தியிருக்கிறார்கள். வரைபடம் போடுபவரிடம் புதிய விதிப்படியே கணக்குப் போடச் சொல்லுங்கள்.

பெரியம்மா வீட்டுக்கு இந்தக் குளிர்காலக் கணக்கு எதுவும் பொருந்தாது. டர்பனில் குளிர் ஒரு பொருட்டில்லை, தொல்லை புழுக்கம்தான். உள்ளுக்கும் வெளிக்கும் நாலைந்து டிகிரிதான் வித்தியாசம் இருக்கிற ஊரில் இரட்டைக் கண்ணாடிக்கு வேலையே குறைவு. அவருக்கு வேண்டியது எதிரெதிரே முழுதாகத் திறக்கும் ஜன்னல், கொசுவலை, மேற்கிலும் கிழக்கிலும் வெளியே நிழல். ஏ.சி. வைத்திருக்கும் ஒரு அறை இருந்தால், அதற்கு மட்டும் வெயில் தடுக்கும் பூச்சுள்ள, இரண்டு அடுக்கு ஒட்டிய 6.38 மி.மீ. கண்ணாடி போடலாம். உடைந்தாலும் சிதறாது, திருடனும் எளிதில் உள்ளே வர முடியாது. அங்கே கடற்காற்றின் உப்பு அலுமினியத்தை அரிக்கும். சாட்ஸ்வொர்த் கடலோரம் இல்லை என்றாலும் திருகாணி, கீல் எல்லாம் துருப்பிடிக்காத எஃகில் வாங்கிக் கொடுங்கள். அவர் வீட்டு ஜன்னல்கள் எந்தத் திசை, எவை முழுதாகத் திறக்கின்றன என்று கேட்டு எழுதினால், எதை முதலில் மாற்றலாம் என்று சொல்கிறேன்.